பூட்டான் மலைக் கிராமத்தில் ஆசிரியர் வேலை: திரும்பிப் போகவா, இங்கேயே இருந்துவிடவா?

கேள்வி: நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். வயது 32. இங்கே ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். பிப்ரவரியில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கிழக்குப் பூட்டானில் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில் சேர்ந்தேன். சம்பளம் பரவாயில்லை. மாணவர்கள் மரியாதையானவர்கள். யாரும் என்னைத் தவறாக நடத்தவில்லை. ஆனாலும் அங்கே ஒட்டவே முடியவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் ஒரு பிள்ளையும் வாய் திறப்பதில்லை. நான் சைவம், குடிப்பழக்கமும் கிடையாது, அதனால் யார் வீட்டுக்கும் போவதில்லை. பக்கத்து வீட்டு அம்மா அடிக்கடி காய்கறி கொண்டுவந்து தருவார். காசு கொடுத்தால் முகம் மாறிவிடும். இப்போது அவர் வருவதே இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு அறைக்குள் போனால் பத்து மணி வரை மனைவியோடும் நான்கு வயது மகளோடும் வீடியோ காலில்தான் இருக்கிறேன். ஜூலை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். "எதுக்குங்க திரும்பப் போகணும்?" என்று மனைவி கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை.
– பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த வாரமே பயணம் என்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு நேரடியாகவும் அனுப்பிவிட்டேன். நான் நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள். டிசம்பர் நடுவில் குளிர்கால விடுமுறை தொடங்கும்வரை இருந்து பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிட்டு வாருங்கள், அதில் தப்பே இல்லை. ஜூலையில் மட்டும் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

ஏன் ஜூலை வேண்டாம் என்கிறேன் என்றால், இமயமலை மழைக்காலத்தின் நடுவில் இருந்து எழுந்து வந்திருக்கிறீர்கள். இந்திய எல்லையை ஒட்டிய சம்துருப் ஜோங்கரிலிருந்து கிழக்குப் பூட்டானின் டிராஷிகாங் வரை சுமார் 180 கிலோமீட்டர் மலைப்பாதை. மண்சரிவு வந்தால் அது எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. துணி காயாது, புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும், நாள்கணக்கில் மேகம் சன்னலிலேயே உட்கார்ந்திருக்கும். மலைநாடுகளுக்கு வேலைக்குப் போன ஆசிரியர்கள் "முடியல, வந்துடறேன்" என்று எனக்கு எழுதுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். செப்டம்பர் கடைசி வாக்கில் பூட்டானியர்கள் ஒரு நாளைப் புனித மழை நாள் என்று கொண்டாடி, விடியலிலேயே குளித்து, மழைக்காலத்தை வழியனுப்புவார்கள். அதற்குப் பிறகு வானம் தெளிந்து, அறுவடை, வில்வித்தை, திருவிழா என்று ஊரே வெளியில் வந்துவிடும். அந்த ஊரை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

சரி, மழையை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் காய்கறி அம்மாதான்.

நீங்கள் செய்தது நாணயமான காரியம். பெங்களூரில் யாராவது வீட்டு வாசலில் முட்டைக்கோஸ் கொடுத்தால் "எவ்வளவு?" என்று கேட்பதுதான் முறை. காசு கொடுத்தால் கணக்கு முடிந்தது, யாருக்கும் யாரும் பாக்கி இல்லை. ஆனால் கணக்கு முடிந்தால் உறவும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த அம்மா கடைக்காரி இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாரே என்று தன் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்தார். நீங்கள் ஐம்பது ரூபாயை நீட்டியதும் அவர் காதில் விழுந்தது "இதற்கு மேல் நமக்குள் ஒன்றும் வேண்டாம்" என்பதுதான்.

உங்கள் கடிதம் முழுக்கவே இந்தக் குணம் தெரிகிறது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது, யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன். நகரத்தில் இது நல்ல குணம்தான். ஆனால் ஒரு மலைக் கிராமத்தில் எதுவும் தேவைப்படாதவரோடு பழக யாருக்கும் வழி தெரியாது. விறகு அடுக்குவதிலிருந்து வீட்டுப் பூசை வரை அங்கே எல்லாம் கை மாற்றித்தான் நடக்கிறது. இன்று நீ, நாளை நான். அந்தச் சுற்றுக்குள் ஒருமுறையாவது நீங்கள் கடன்பட்டால்தான் உள்ளே வர முடியும்.

அதனால் திரும்பிப் போன முதல் வாரத்திலேயே அந்த அம்மா வீட்டுக்குப் போங்கள். ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு டப்பா முறுக்கும் மைசூர்பாகும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு கையாலும் கொடுங்கள், அங்கே அதுதான் மரியாதை. பழைய காசு விஷயத்தை விளக்க வேண்டாம். கொடுத்துவிட்டு ஓர் உதவி கேளுங்கள்: "மிளகாயும் சீஸும் போட்டு எமா தட்ஷி எப்படிச் செய்வது, காட்டித் தருகிறீர்களா?" அடுத்த முறை அவர் பாத்திரத்தில் ஏதாவது கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தை உடனே திருப்ப வேண்டாம். நாலு நாள் கழித்து ஒரு பிடி சுண்டலோ கேசரியோ போட்டுத் திருப்புங்கள். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்காத வழக்கம் உங்கள் அம்மாவுக்கும் இருந்திருக்கும். அது அங்கேயும் எடுபடும்.

இன்னொன்று, 'கோ' வாங்கிவிட்டீர்களா? உங்கள் பள்ளியில் ஆண்கள் எல்லோரும் அணியும் அந்த முழங்கால்வரை அங்கியைத்தான் சொல்கிறேன். வெளிநாட்டவர் என்று உங்களுக்கு விலக்கு இருந்தாலும் விசேஷ நாட்களிலாவது அணியுங்கள். அதை ஒழுங்காக மடித்து இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுவது புதியவருக்குத் தனியாக வராது. யாராவது ஒருவர் பின்னால் நின்று இழுத்துக் கட்ட வேண்டும். சக ஆசிரியர் யாரையாவது கேளுங்கள். இப்படி உதவி கேட்பதற்குத் தயங்காத ஆசிரியர்கள் சீக்கிரம் ஊரோடு ஒட்டிக்கொண்டதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் நினைத்திருப்பது பாதிதான் சரி. இறைச்சி அங்கே அதிகம், உண்மை. காயவைத்த பன்றிக்கொழுப்பை உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், பார்த்துப் பழக நாளாகும். ஆனால் பௌத்த நாட்காட்டியின் முதல் மாதத்திலும் நான்காம் மாதத்திலும் இறைச்சி விற்பனையே நிறுத்தப்படும் நாடு அது. வயதானவர்களில் இறைச்சியை விட்டவர்கள் உண்டு. சைவம் என்று சொன்னால் யாருக்கும் புரியாமல் போகாது, புண்படவும் மாட்டார்கள். எமா தட்ஷி, உருளைக்கிழங்கு போட்ட கேவா தட்ஷி, கிழக்கில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் மக்காச்சோள நொய்ச் சோறு, எல்லாமே உங்களுக்கு ஆகும். குழம்பில் காய்ந்த இறைச்சித் துண்டு போடும் வழக்கம் இருப்பதால் அழைப்பு வந்தவுடனே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னால்தான் வீட்டுக்காரர்கள் சங்கடப்படுவார்கள்.

ஆரா விஷயத்திலும் இப்படித்தான். வீட்டில் வடித்த சாராயத்தை விருந்தாளிக்கு ஊற்றுவது அவர்களுடைய அன்பு. வேண்டாம் என்றால் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்த முகத்தோடு தலையசைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை வற்புறுத்துவார்கள், அது உபசாரம். உடம்புக்கு ஆகாது என்று சொல்லி, அதற்குப் பதில் வெண்ணெய்த் தேநீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். உப்புப் போட்ட சுஜா முதல் வாயில் பிடிக்காது. பொரித்த அரிசியை அதில் போட்டுக் குடித்தால் பழகிவிடும். குடிக்காதவர் என்பதற்காக உங்களை யாரும் ஒதுக்க மாட்டார்கள், வராதவர் என்றால்தான் மறந்துபோவார்கள்.

அப்புறம் டோமா. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும்! இமயமலையில் ஒருவர் தன் அங்கிமடிப்பிலிருந்து வெற்றிலை எடுத்து மடித்து நீட்டும்போது நம்மவர்களுக்கு அந்நியம் என்ற எண்ணமே வரக் கூடாது. அங்கே பாக்கு பதப்படுத்தப்பட்டது, வாடையும் காரமும் தூக்கலாக இருக்கும். அதனால் மெல்ல வேண்டிய கட்டாயமில்லை. பழக்கமாக்கிக்கொள்ளவும் வேண்டாம், வாய்க்குக் கெடுதல். வாங்கி வைத்துக்கொண்டு "எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு அழைப்பதே வெற்றிலை பாக்கு வைத்துத்தான்" என்று சொல்லுங்கள். அரை மணி நேரப் பேச்சுக்கு உத்தரவாதம்.

இனி வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் ஆசிரியருக்கு வகுப்பு சரியாக அமைந்துவிட்டால் மற்ற தனிமையில் பாதி கரைந்துவிடும்.

பிள்ளைகள் பேசாததை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பகுதிப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி ஷார்ச்சோப். பள்ளியில் தேசிய மொழி ஜொங்கா. அதற்கு மேல் உங்கள் இயற்பியல் ஆங்கிலத்தில் வருகிறது, அதுவும் பெங்களூர் தனியார் பள்ளி வேகத்தில். ஆசிரியர் முன்னால் தப்பாகப் பேசுவது அவமரியாதை என்ற வளர்ப்பு வேறு. கேள்வி கேட்டுவிட்டு ஐந்து விநாடியில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டால் அவர்கள் மனத்தில் வாக்கியம் உருவாவதற்கே நேரமில்லை. கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஷார்ச்சோப்பிலேயே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கேளுங்கள். சந்தேகங்களைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள், மறுநாள் அதிலிருந்து பாடத்தை ஆரம்பியுங்கள்.

பாடத்தையும் ஊருக்குள் கொண்டுபோங்கள். இயற்பியல் ஆசிரியருக்கு அந்தக் கிராமம் ஒரு பொக்கிஷம். வில்வித்தை பூட்டானின் தேசிய விளையாட்டு, இலக்கு சுமார் 145 மீட்டர் தூரத்தில். எறிபொருள் இயக்கத்துக்கு அதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஊர் வில்லாளி ஒருவரிடம் பேசி, ஒரு சனி அல்லது ஞாயிறு பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போங்கள். மூங்கில் வில்லை எவ்வளவு கோணம் தூக்குகிறார், அம்பு பறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் படம் பிடித்து அளக்கட்டும். அந்த வில்லாளி உங்கள் மாணவன் ஒருவனின் அப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார், தன் மகன் வகுப்பில் தன்னைப் பற்றிக் கணக்குப் போடுகிறான் என்றால் அந்த வீடு உங்களை மறக்குமா? (இலக்குகளுக்கு நடுவே மட்டும் யாரையும் குறுக்கே போகவிடாதீர்கள்.) ஓடைத் தண்ணீரில் தானாகச் சுழலும் பிரார்த்தனை உருளையைக் காட்டி, அதே சுழற்சிதான் மோங்கர் மாவட்டத்தில் குரிச்சு அணையில் 60 மெகாவாட் மின்சாரமாகிறது என்று சொல்லலாம். ஆறாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக நேரமாவது அதனால்தான். விடுதிச் சமையற்கட்டில் ஒரு வெப்பமானி வைத்தாலே வகுப்பு நடத்திவிடலாம்.

உங்களுக்கு முன்னால் போனவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1961-ல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய பிறகுதான் பூட்டானில் ஆங்கிலவழிப் பள்ளிகள் பரவின. அந்த வகுப்பறைகளில் நின்றவர்களில் இந்திய ஆசிரியர்கள் ஏராளம், கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் போனவர்கள் உட்பட. கனடாவைச் சேர்ந்த வில்லியம் மேக்கி என்ற சேசு சபைப் பாதிரியார் 1963-ல் டிராஷிகாங் பக்கம் போய், வாழ்நாளின் கடைசிவரை பூட்டானிலேயே கல்விப் பணி செய்து, 1985-ல் பூட்டான் குடியுரிமையும் பெற்று, 1995-ல் அந்த மண்ணிலேயே இறந்தார். உங்கள் தலைமையாசிரியரிடமோ ஊர்ப் பெரியவர் ஒருவரிடமோ "உங்களுக்குப் பாடம் எடுத்த இந்திய ஆசிரியர் யாராவது நினைவில் இருக்கிறாரா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் நினைவில் வைத்திருப்பது எதை என்று கவனியுங்கள். அதிலிருந்து நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் பெங்களூர்த் தமிழர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பஸ்ஸில் இந்தி என்று மாறி மாறிப் பேசியே வளர்ந்தவர். உங்கள் தாத்தாவோ அப்பாவோ இந்த ஊருக்கு வந்தபோது கன்னடத்தைப் புத்தகம் வைத்துப் படித்திருக்க மாட்டார்கள். சந்தையிலும் வேலையிடத்திலும் தப்பும் தவறுமாகப் பேசித்தான் கற்றார்கள். அதே வழியில் ஷார்ச்சோப் கற்றுக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி வழியாக இந்தி புரிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு, அதை ஏணியாகப் பயன்படுத்தலாம். மாணவர்களையே ஆசிரியர் ஆக்குங்கள். நீங்கள் அவர்கள் முன்னால் தப்பாகப் பேசினால் அவர்களுக்கும் உங்கள் முன்னால் தப்பாகப் பேசத் தைரியம் வரும்.

போன் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறேன், தம்பி. தினமும் ஏழு முதல் பத்து வரை என்றால் உங்கள் சாயங்கால வாழ்க்கை முழுவதும் ஸ்ரீராமபுரத்தில்தான் நடக்கிறது. மகளுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதைத் தவறவிடாதீர்கள். பூட்டான் நேரம் நமக்கு அரை மணி முன்னால், அதைக் கணக்கில் வைத்து அவள் தூங்கும் முன் கதை சொல்லுங்கள். மீதி இரண்டு மணி நேரத்தில் விடுதிப் பிள்ளைகளின் இரவுப் படிப்புக்குப் போய் உட்காருங்கள், உங்கள் முறை இல்லாத நாளிலும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அங்கே நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து நிற்கும்.

பையில் புளி, பெருங்காயம், குழம்புப்பொடி, உளுத்தம்பருப்பு எல்லாம் எடுத்துப் போங்கள். ஆனால் ஆறு மாதச் சாமான் வேண்டாம், எல்லாம் கையில் இருந்தால் கடைக்கும் போக மாட்டீர்கள், பக்கத்து வீட்டுக்கும் போக மாட்டீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளையும் மருத்துவர் சீட்டையும் மறக்காதீர்கள். நல்ல கம்பளி உள்ளாடை பெங்களூரில் தேடுவதைவிட அங்கேயே வாங்குவது மேல்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் இதுவரை எழுதியது ஊரோடு ஒட்டாத வருத்தத்துக்கு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் எழவே முடியவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது வேறு. அப்போது டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே தலைமையாசிரியரிடமும் மனைவியிடமும் சொல்லுங்கள், அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போங்கள், வீட்டுக்கு வாருங்கள். நம் ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. இப்போதே அப்படி இருந்தால், கிளம்புவதற்கு முன் அங்கே ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, என்ன பிடித்தம் என்பதையும் விமானம் ஏறும் முன் படித்துவிடுங்கள். விலக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே மனசு கொஞ்சம் லேசாகும்.

உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவருக்குத் தெரிந்த பூட்டான் உங்கள் அறைச் சுவரும் உங்கள் சோர்ந்த முகமும்தான். "எதுக்குப் போகணும்?" என்று அவர் கேட்பது நியாயம். பதிலை வாயால் சொல்லி முடியாது. அக்டோபரில் அவரையும் மகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். குவாஹாட்டி வரை விமானம், அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் சம்துருப் ஜோங்கர், பிறகு மலைப்பாதை. குழந்தைக்கு வளைவுகளில் வாந்தி வரும், நடுவில் ஓர் இரவு தங்கிப் போகச் சொல்லுங்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் எல்லையில் ஆதார் செல்லாது. மனைவிக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, மகளுக்கு பாஸ்போர்ட் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழின் அசல். சுற்றுலாவாக வரும் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. ஆசிரியரின் குடும்பமாக வந்தால் என்ன நடைமுறை என்பதைப் பள்ளி அலுவலகம் வழியாக ஆகஸ்டிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவர்கள் வந்து தங்கும் நாட்களில் எந்த வீட்டுச் சாப்பாட்டு அழைப்பையும் தட்டாதீர்கள். டிசம்பரில் முடிவை இரண்டு பேரும் சேர்ந்து எடுங்கள்.